கேப்டன் உன் தாய்மாமன் இல்ல மாப்ள

வா மாப்ள, இப்பிடித் திண்ணையில உக்காரு. கப்பல்ல போறியாமே, கச்சிராயபாளையம் பூரா இதான் பேச்சு. சென்னையில ஏறி சிலோன் பக்கம் சுத்திட்டு வர்றதாம். கப்பலு மேலயே நீச்சல் கொளம் இருக்குதாம். நாலு பக்கமும் சமுத்திரத்த வெச்சிக்கினு நடுவுல தொட்டி கட்டிக் குளிக்கிறவன இன்னான்னு சொல்றது? போவட்டும், துட்டு உன்னுது, தண்ணி அவன்து.

நீ கப்பல்ல ஏறுறதப் பத்தி எனக்குக் கவலையே இல்ல. துட்டு கட்டினவன எப்பிடியாவது ஏத்திப்புடுவான். நடுவுல ஊரு பாக்க எறக்கி வுடுறான் பாரு, அங்கதான் எனக்கு வயித்தக் கலக்குது. எறங்கின நீ சொன்ன நேரத்துக்குத் திரும்பி ஏறுவியா? உன் கல்யாணத்துல முகூர்த்தம் ஆறுலருந்து ஏழரைன்னு பத்திரிகையில போட்டிருந்தோம். நீ பட்டு வேட்டியக் கட்டி அவுத்துக் கட்டி மணமேடைக்கு வந்தப்ப எட்டு. ஐயரு பாவம், பஞ்சாங்கத்த மூடித் தொடைக்கிக் கீழ வெச்சிக்கினு, இப்பதான் ஏழு இருவதுன்னு கடைசி வரைக்கும் சாதிச்சாரு. கப்பல்ல அந்த மாதிரி ஐயரு கெடையாது.

முழுத் தப்பும் உன் மேல இல்ல, அதையும் சொல்லிப்புடுறேன். நாம பொறந்த சீமை அப்பிடி. நாட்டுக்குச் சுதந்திரம் 1947ல வந்துது. மேல கல்வராயன் மலைக்கு எப்ப வந்துது? சடையக் கவுண்டன், குறும்பக் கவுண்டன், ஆரியக் கவுண்டன்னு மூணு ஜாகீரு. மலைய அவங்க கையிலருந்து அரசாங்கம் வாங்கினது 1976ல. கீழ டெல்லியில கொடி ஏறி 29 வருசம் கழிச்சி. நாட்டுல எமர்ஜென்சின்னு எல்லாரோட சொதந்திரத்தையும் புடுங்கி வெச்சிருந்த நேரத்துலதான் மலைக்காரங்களுக்குக் குடுத்தாங்க, அந்தக் கூத்த வேற எங்க போயி சொல்றது?

கள்ளக்குறிச்சி தனி மாவட்டம்னு சட்டசபையில சொன்னது 2019 ஜனவரி 8. விழுப்புரத்துலருந்து பிரிச்சித் தொடங்கி வெச்சது நவம்பர் 26. நம்ம ஊருக்கு அதெல்லாம் ரொம்ப அவசரம். ரயிலு கதைய எடுத்துக்க. சின்னசேலத்துல ரயிலு நிக்கிறத எங்கப்பன் காலத்துலருந்தே பாக்குறோம். அங்கருந்து கள்ளக்குறிச்சிக்கு 16 கிலோமீட்டர், தெம்பு இருக்கறவன் பேசிக்கினே நடந்துருவான். அந்தப் பாதை பட்ஜெட்டு காயிதத்துல ஓடின தூரத்த அளந்தா காசிக்கே போயி வந்திருக்கலாம். ரயில வுட்டுட்டேன்னு ஒப்பாரி வெக்கிற பாக்கியங்கூட இல்லாம வளந்த ஊரு நம்ம ஊரு.

இப்பிடி எல்லாத்துக்கும் காத்துக் கெடந்தவனுக்கு உள்ளுக்குள்ள ஒரு கணக்கு ஏறிக்கினு இருக்கும். நாம எத்தினிப் பேருக்குக் காத்திருந்தோம், நமக்காவ ஒருத்தன் பத்து நிமிசம் நிக்க மாட்டானான்னு. நிப்பான், நம்ம ஊர்ல நிப்பான். வெள்ளிமலையிலருந்து கீழ எறங்குற கடைசி பஸ்ஸைப் பாத்திருக்கியே. கரியாலூர் தாண்டி ஒரு கெழவி புளி மூட்டையத் தலையில வெச்சிக்கினு பள்ளத்துலருந்து கையக் காட்டும். ஆளு தெரியாது, மூட்டைதான் தெரியும். கண்டக்டரு விசில ஊதாம வாயிலயே வெச்சிக்கினு நிப்பாரு. அவருக்கு அந்தக் கெழவியத் தெரியும், அவ மருமவளோட போட்ட சண்டை தெரியும், இந்த வண்டிய வுட்டா ராத்திரி அவ எந்தத் திண்ணையில படுப்பான்னும் தெரியும். அதனால நிப்பாரு. கேப்டனுக்கு உன்னத் தெரியுமா? நீ அவனுக்கு இன்னார் மவன்னு இல்ல மாப்ள, ஒரு ரூம்பு நம்பரு. உள்ள வந்தா கார்டு தேய்க்கணும், வெளிய போனா கார்டு தேய்க்கணும். யாரு உள்ள, யாரு வெளியன்னு மெசினு சொல்லிப்புடும். பேரைச் சொல்லி ஒலிபெருக்கியில கூப்புடுவானாம். அதோட சரி. எங்க பங்காளி மவன் வெளிநாட்டுக் கப்பல்ல சமையக்கட்டுல இருக்கான், அவன் லீவுல வந்தப்ப ஒக்கார வெச்சிக் கறந்த சமாச்சாரம் இதெல்லாம். இல்லாட்டி ஏரியத் தவுர வேற தண்ணி பாக்காத எனக்கு இன்னா தெரியும்?

கேப்டனுக்கும் கல்லு மனசுன்னு சொல்லிற முடியாது. அவன் தலைக்கு மேல ஆளு இருக்கு. துறைமுகத்துல நிக்கிற எடத்துக்கு வாடகை, நேரக் கணக்கு. கப்பல வெளிய கொண்டுபோயி வுட அந்த ஊரு பைலட்டு ஒருத்தரு ஏறி வரணும், அவருக்கு அடுத்த கப்பலு காத்திருக்கும். கடலு ஏத்த வத்தம் வேற, அது யாரு சொல்லியும் கேக்காது. ஒரு மணி நேரம் தாமசமாக் கெளம்பினா அத ராத்திரி பூரா வேகமா ஓட்டித்தான் புடிக்கணும், அதுக்கு எரியிற எண்ணெய் உன் டிக்கெட்டு துட்ட முழுங்கிப்புடும். ஆயிரத்துக்கு மேல ஆளுங்க மேல நிக்கிறப்ப, கீழ தேங்கா பேரம் பேசிக்கினு நிக்கிற ஒருத்தனுக்காவ அவன் இன்னாத்துக்கு நிக்கப் போறான்?

நீ போற அந்தக் கப்பலு பேரு எம்ப்ரஸ்தானே? கார்டிலியா கம்பெனிக்காரனுது. 1990ல பிரான்ஸ் தேசத்துல கட்டினது, 11 தளம். 2022 ஜூன் 4ஆந்தேதி முதலமைச்சரு ஸ்டாலின் சென்னையில கொடியசைச்சி அனுப்பி வெச்சாரு. விசாகப்பட்டினம் போயி புதுச்சேரி வந்து சென்னை திரும்புறதுதான் திட்டம். புதுச்சேரியில இன்னா ஆச்சின்னா, கப்பலுக்குள்ள சூதாட்டம் இருக்குன்னு கட்சிக்காரங்க எதுத்தாங்க, அரசாங்கமும் அனுமதி குடுக்கல. தெருவுக்குத் தெரு சாராயக் கடை வெச்சிருக்கற ஊரு, சீட்டாட்டம்னதும் ஒழுக்கத்த நெனச்சிக்கிச்சு. கப்பலு கரையத் தூரத்துலருந்தே பாத்துட்டுத் திரும்பிருச்சு. உன்ன மாதிரி ஆளுக்கு அதான் நல்ல ஏற்பாடு. எறக்கியே வுடலன்னா எங்கருந்து தாமசமா வருவ?

ஆனா சிலோன்ல எறக்கி வுடுறான். 2023 ஜூன் 5ல சென்னையிலருந்து அந்தப் பாதையத் தொடங்கினாங்க. அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை, மூணு துறை. அந்த மூணு எடத்துலயும் நீ எப்பிடி எப்பிடி மாட்டிக்குவன்னு நான் இங்கருந்தே சொல்லட்டுமா?

அம்பாந்தோட்டையில எறங்கினதும் உனக்குக் கதிர்காமம் ஞாபகம் வரும். வரணும், தப்பில்ல. கார்ல போயி வந்துரலாம். போன எடத்துல மூலஸ்தானத்துக்கு முன்னால ஒரு திரை தொங்கும், முருகன் படம் வரைஞ்சது. பூசை நடக்கும், மணி அடிக்கும். நீ கழுத்த நீட்டிக்கினு, திரைய எப்பத் தெறப்பாங்க, சாமிய ஒரு கண்ணு பாத்துட்டுப் போயிரலாம்னு நிப்ப. பக்கத்துல இருக்கறவனும் நிக்கிறானேன்னு இன்னும் கொஞ்சம் நிப்ப. மாப்ள, அந்தத் திரைய அங்க தெறக்கறதே இல்ல. கும்புட்டுக் கும்புட்டு எல்லாரும் திரையத்தான் கும்புடுறாங்க. அது தெரியாம நீ நின்னா கப்பலு போயிரும், திரை அங்கயேதான் இருக்கும்.

திருகோணமலைக்கு வா. கோணேசரு கோயிலு கடலுக்கு மேல பாறை உச்சியில, கோட்டைக்குள்ளாற நொழஞ்சி போவணும். வழியில மானுங்க திரியும். நம்ம மலையில கெடைக்காத காட்சி பாரு, ஒவ்வொரு மானோடயும் ஒரு போட்டோ புடிப்ப. அது போதாதுன்னு கன்னியா வெந்நீர் கெணறுன்னு ஒண்ணு. ஏழு கெணறு, ஒவ்வொண்ணுலயும் ஒவ்வொரு சூடு. உங்கம்மா கூட வந்தா முடிஞ்சிது கதை. ஏழுலயும் ஊத்திக்கினாத்தான் பலன்னு அங்க யாராவது ஒரு வார்த்த சொன்னாப் போதும், ஏழு வாளி, ஏழு தடவ தலை தொவட்டல். அவ தலைமுடி காயறதுக்குள்ள கப்பலு காங்கேசன்துறை பக்கம் போயிருக்கும்.

காங்கேசன்துறைதான் எனக்குப் புடிச்ச எடம். பக்கத்துலயே கீரிமலைக் கேணி இருக்கு, கடலுக்கு ஒரு எட்டு தள்ளி நல்ல தண்ணி. குளி. அங்கருந்து நல்லூரு சுமார் 20 கிலோமீட்டர். கந்தசாமி கோயிலு. அர்ச்சன சீட்டு ஒரு ரூபா, இந்தக் காலத்துல! அந்த ஊருக்காரங்க அந்தக் கோயிலப் பத்திப் பெருமையாச் சொல்றது தங்கத்தையோ கோபுரத்தையோ இல்லையாம், நேரத்தையாம். பூசைன்னா சொன்ன நிமிசத்துக்குப் பூசை, தேருன்னா சொன்ன நிமிசத்துக்குத் தேரு. மந்திரி வந்தாலும் சரி, நீ வந்தாலும் சரி. நம்ம ஊர்ல தேர இழுக்கறதுக்கு வடத்தத் தொடறவன் காப்பி குடிச்சிட்டு வர்ற வரைக்கும் சாமி வெயில்ல நிக்கும், தெரியுமில்ல. உனக்கு நல்லூரான் கொஞ்சம் பழக்கம் ஆகணும்.

ஆனா அங்கயும் ஒரு கண்ணி இருக்கு. ஆம்பளைங்க சட்டையக் கழட்டிட்டுத்தான் உள்ள போவணும். கப்பலு கார்டு எங்க இருக்கும்? சட்டைப் பையில. சட்ட எங்க இருக்கும்? நீ ஒரு முக்குல சுருட்டி வெச்சிருப்ப, மச்சான் ஒருத்தன் எடுத்துத் தோள்ல போட்டுக்கினு வெளிய ஐஸ்கிரீம் கடைக்குப் போயிருப்பான். முருகன் நேரத்துக்கு வந்துட்டுப் போயிருப்பாரு, நீ வெத்து மாரோட மச்சானத் தேடிக்கினு நிப்ப. கார்ட வேட்டி மடிப்புல சொருவு. நம்ம பாட்டன் வெத்தலப் பொட்டலத்த அங்கதான் வெச்சிருந்தான், ஒரு நாளும் தொலைச்சதில்ல.

கடியாரத்துக்கு வர்றேன். சிலோன்ல நேரம் மாறுற தொல்லை இல்ல. 1996ல அவங்க கடியாரத்த முன்னால தள்ளிப் பாத்தாங்க, கடைசியில 2006 ஏப்ரல்ல பழையபடி நம்ம நேரத்துக்கே வந்துட்டாங்க. ஆனா நீ இதோட அடங்க மாட்ட. அடுத்த வருசம் சிங்கப்பூர்ல ஏறி புக்கெட்டு போவேம்ப. அங்கதான் கெடக்கு சூட்சுமம். தாய்லாந்து கடியாரம் சிங்கப்பூருக்கு ஒரு மணி பின்னால. கப்பலு சிங்கப்பூரு நேரத்துலயே ஓடிக்கினு இருந்தா, கரையில கால் வெச்ச ஒடனே உன் போனு புத்திசாலி ஆயி ஊரு நேரத்துக்குத் தாவிரும். போனு நாலு மணிங்கும். நீ எளநி குடிப்ப. கப்பல்ல அஞ்சி. போன நம்பினவன் தெருவுல நிப்பான், ஏறுறப்ப கப்பல்ல மாட்டியிருக்கற கடியாரத்தப் பாத்துத் திருப்பி வெச்ச கைக் கடியாரத்த நம்பினவன் சோத்துத் தட்டுக்கு முன்னால உக்காந்திருப்பான். சில ஊர்ல கப்பலு கரைக்கே வராது, நடுத்தண்ணியில நின்னுக்கும், சின்னப் படகுல கொண்டாந்து வுடுவான். அப்ப நீ கணக்குப் பாக்க வேண்டியது கப்பலு நேரத்த இல்ல, கடைசிப் படகு நேரத்த. கப்பலு கண்ணுக்கு எதுர நிக்கும், நீ போவ முடியாது.

போவ முடியாதா, கப்பலு நிக்குதே, எப்பிடியும் ஏறிக்கலாம்னு உனக்கு இப்ப ஒரு சிரிப்பு வருது பாரு. 2024 மார்ச்சுல ஆப்பிரிக்காவுல சாவோ தோமேன்னு ஒரு தீவு. நார்வீஜியன் டான்னு ஒரு கப்பலு. அமெரிக்காக்காரங்க, ஆஸ்திரேலியாக்காரங்க எட்டுப் பேரு கப்பலு ஏற்பாடு பண்ணாத தனி ஆளோட ஊரு சுத்தப் போயி ஒரு மணி நேரத்துக்கு மேல தாமசம். அதுல ஒரு அம்மா புள்ளத்தாச்சி. திரும்பி வந்து பாத்தா கப்பலு இன்னும் கெளம்பல, நங்கூரம் போட்டுக்கினு அங்கயே நிக்குது. அந்த ஊரு கடலோரக் காவல்காரங்க எரக்கப்பட்டு இவங்களப் படகுல ஏத்திக் கப்பலு ஓரத்துக்கே கொண்டுபோனாங்க. கேப்டன் ஏத்தல. நேரம் முடிஞ்சா முடிஞ்சதுதான். அடுத்த துறையில புடிச்சிக்கலாம்னு காம்பியா தேசத்துக்கு விமானம் விமானமா மாறிப் போனாங்க. அங்க கடலு வத்தம், கப்பலு கரைக்கு வரவே இல்ல. அப்பறம் ரோட்டு வழியா அலஞ்சி செனகல் தேசத்துல போயிதான் ஏறினாங்க. பணக்கார நாட்டுக்காரங்க, பேங்கு கார்டு வெச்சிருக்கறவங்க, அவங்களுக்கே இந்தக் கதின்னா, மடியில முன்னூறு ரூபா முடிஞ்சி வெச்சிருக்கற உனக்கு?

அவங்க பாஸ்போர்ட்டெல்லாம் இன்னா ஆச்சின்னு கேளு. ஆளு வரலன்னு உறுதியானா கப்பல்காரங்க ரூம்பு பொட்டியத் தெறந்து பாஸ்போர்ட்ட எடுத்துக் கரையில இருக்கற ஏஜெண்டு கையில குடுத்துட்டுப் போயிருவாங்களாம். சொந்த மாமன் நான் உன் பீரோவத் தொட்டதில்ல, பாரு. அந்த ஏஜெண்டு போன் நம்பரு தெனம் ரூம்புக்குக் குடுக்கற காயிதத்துல அச்சடிச்சிருக்கும். நீ அந்தக் காயிதத்துல சுண்டலு மடிப்ப. அத மடிச்சிப் பையில வெச்சிக்கினு எறங்கு, வேற ஒண்ணும் வேணாம்.

இன்னொரு விசயம் காதக் குடு. கப்பல்காரனே ஏற்பாடு பண்ற சுத்திக்காட்டல்னு ஒண்ணு இருக்கு. வெல கூடதான். ஆனா அந்த பஸ்ஸு தாமசமானா கப்பலு நிக்கும், இல்லாட்டி அவனே செலவு பண்ணி அடுத்த ஊர்ல கொண்டுபோயி சேப்பான். வெளிய நிக்கிற ஆட்டோக்காரன் பாதி காசுக்கு வருவான். நீ அவன் கூடத்தான் போவ, எனக்குத் தெரியும், கீரைக் கட்டுக்கே பேரம் பேசறவன் நீ. போ. அவனும் நல்லவன்தான். ஆனா, இன்னும் ஒரே ஒரு எடம்ணே, ரெண்டே நிமிசம்னு அவன் சொல்றப்ப அவன் போற கப்பலு எதுவும் இல்லங்கறத நெனப்புல வெச்சிக்க. அவன் கூடப் போனா, கப்பலு சொன்ன நேரத்துக்கு ரெண்டு மணிக்கு முன்னால வண்டியத் திருப்பச் சொல்லு. அந்த ரெண்டு மணியில டயரு பஞ்சராவும், ரோட்டுல ஊர்வலம் வரும், உன் பொண்டாட்டி புடவக் கடையப் பாத்துருவா, எல்லாத்துக்கும் எடம் இருக்கும்.

காங்கேசன்துறையில வுட்டுட்டா மட்டும் கொஞ்சம் ஆறுதலு. நாகப்பட்டினத்துக்குப் பயணிங்க கப்பலு இருக்கு. 2023 அக்டோபர் 14ல தொடங்கி, சில நாள்லயே நின்னு, 2024 ஆகஸ்டுல மறுபடி ஓடினது. அதுல வந்து நாகையில எறங்கி பஸ்ஸு புடிச்சி கள்ளக்குறிச்சி வரலாம். அது எப்ப ஓடும் எப்ப நிக்கும்னு காத்து மழையப் பொறுத்தது. அதாவது நமக்குப் பழக்கமான மாதிரி வண்டி.

போறதுக்கு முன்னால ஒரு ஒத்திக பாத்துரு. வர்ற ஞாயித்துக்கெழம மேல மலைக்கிப் போ. மேகம் அருவிக்கு நட, வழியில பெரியார் அருவியில நில்லு, கரியாலூர்ல படகு வுடு. ஆனா கடைசி பஸ்ஸுக்கு முன்னாடி பஸ்ஸப் புடிச்சி கீழ வா. கடைசி பஸ்ஸு இல்ல, அதுக்கு முன்னாடி பஸ்ஸு. அதப் புடிக்க முடியலன்னா கப்பலு டிக்கெட்ட எங்கிட்டக் குடு, நான் போறேன். எனக்கு வயசான காலத்துல வேற வேல இல்ல, நேரத்துக்குப் போயி உக்காந்துருவேன். மலையில வண்டிய வுட்டாலும் பாதகமில்ல, யாராவது கூப்புட்டு சாமச் சோறு போட்டுத் திண்ணையில படுக்க வெப்பாங்க. அங்க விளையற கடுக்காய மூட்ட மூட்டையா நம்ம ஏவாரிங்க ஊரெல்லாம் அனுப்புறாங்க. ஆனா கப்பல்காரன் குடுக்கற கடுக்காய உன்னால முழுங்க முடியாது.

சரி, எழுந்துக்க. உள்ள போயி உங்கத்தைய ஒரு சொம்பு மோரு கேளு. போ, போ, சீக்கிரம்.

ஏம்மா, நீ இப்பிடிக் கிட்ட வா. அவன் காதுல வுழாம சொல்றேன். கரையில எறங்கினதும் அவன் போன வாங்கி உன் பையில போட்டு ஜிப்ப இழுத்துரு. சார்ஜு இல்லன்னு சொல்லு. அவன் கைக் கடியாரத்த ராத்திரி அவன் தூங்கறப்ப ஒரு மணி முன்னால திருப்பி வெச்சிரு, கேட்டா சிலோன் நேரம்னு சொல்லு. நான் சொன்னது அவனுக்கு ஞாபகம் இருக்காது, அவன் பாதிப் பேச்சுல திண்ணைக் கோழியப் பாத்துக்கினு இருந்தான். கார்டு ரெண்டும் உங்கிட்டயே இருக்கட்டும். அதுக்கும் மேல அவன் கரையில நின்னுட்டான்னா நீ எறங்காத. மேல்மாடியில நின்னு ஒரு தடவ கையாட்டு, அழுவாத. அவன் ஓடி வர்றத மத்தவங்க போன்ல படம் புடிச்சிக்குவாங்க, ஒண்ணு எனக்கும் அனுப்பச் சொல்லு. அப்பறம் நேரா போயி ராச்சாப்பாடு சாப்புடு. ரெண்டு பேருக்கும் சேத்துதானே துட்டு கட்டியிருக்கு.